ஒழுக வேண்டிய கூரை

கூரை என்றால் ஒழுகக் கூடாது. இந்த விஷயத்தில் எங்கள் அப்பாவிடம் பேச்சுக்கே இடமில்லை. கடவுள் உண்டா இல்லையா என்பதில்கூட ஆளுக்குத் தகுந்தமாதிரி விட்டுக்கொடுப்பார், கூரை விஷயத்தில் மாட்டார். குன்னூரில் பிறந்து, வருடத்தில் பாதி நாள் மழையில் நனைந்து, வெடிமருந்து ஃபாக்டரியில் சரக்கு நமுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த மனிதர் வேறு எப்படி இருப்பார்? லீவு நாளில் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். அப்பா, எங்கள் லைனில் யார் வீட்டு ஓடு விலகியிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். ஏணி எங்கள் வீட்டில் இருந்ததைவிட ஊரார் வீட்டில் இருந்ததுதான் அதிகம்.

அவருடைய உதவியில் ஒரு கோளாறு, யாரும் கேட்கும்வரை காத்திருக்க மாட்டார். வேண்டாம் என்று சொன்னாலும் நிறுத்த மாட்டார். அதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. எங்கள் பக்கத்தில் "வேண்டாங்க" என்றால் "இன்னொருக்காக் கேளுங்க" என்று அர்த்தம். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை. அடுத்த தடவையும் வேண்டாம் என்பார்கள். டம்ளரைக் கையில் திணித்த பிறகு "எதுக்குங்க சிரமம்" என்று குடித்து முடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு மனிதர் நிஜமாகவே வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்பதை எங்கள் ஊர் யோசித்துப் பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து படி இறங்கினால், சரிவில் அடுத்த வீடு அங்கிளுடையது. வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கடற்கரையில் பூர்வீகம். வேலைக்காக வந்தவர் குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார். அவரும் ஆன்ட்டியும் யூதர்கள். இது லைனில் எல்லோருக்கும் தெரியும். யூதர் என்றால் என்ன என்பதுதான் யாருக்கும் தெரியாது. சர்ச்சுக்குப் போகாத கிறிஸ்தவர்கள் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. சனிக்கிழமை அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை, கடைக்குப் போவதில்லை, காசைத் தொடுவதில்லை என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார்.

"நாமெல்லாம் புரட்டாசி மாசம் மட்டும் சனிக்கெழமை புடிக்கறோம். அவிங்க வருசம் பூராவும் புடிக்கறாங்க. பெருமாள் மேல அத்தனை பக்தி" என்பார்.

இதை அங்கிளிடமே ஒரு நாள் சொல்லியும் விட்டார். அங்கிள் சிரித்துக்கொண்டு, "எங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் எண்ணெய் ஆட்டுனவங்கம்மா. ஊர்ல எல்லாச் செக்கும் ஓடும், சனிக்கெழமை எங்க செக்கு மட்டும் ஓடாது. சனிக்கெழமை எண்ணெய்க்காரங்கன்னே எங்களுக்குப் பேரு" என்றார். சனிக்கிழமையும் எண்ணெயும் சேர்ந்து வந்ததும் அம்மாவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துபோயிற்று.

அந்த வீட்டு வாசல் நிலையில், வலது பக்கம், சாய்வாக ஒரு சின்னப் பித்தளைக் கூடு பதித்திருக்கும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அங்கிளும் ஆன்ட்டியும் அதை விரலால் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றிக்கொள்வார்கள். அப்பா அதைக் காலிங்பெல் என்று நினைத்து ரொம்பக் காலம் அழுத்திக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுமை போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெஸ்டரும் திருப்புளியுமாகப் போய் நின்றார்.

"சார், உங்க பெல்லு எத்தனை அமுக்குனாலும் அடிக்க மாட்டேங்குதுங்க. வயர் போயிருக்கும். நானே பாத்துர்றேன்."

அங்கிள் சாப்பிட்ட கையோடு ஓடிவந்து தடுத்தார். கூட்டுக்குள் தோலில் எழுதிய மறை வாசகம் இருக்கிறது, அது வீட்டுக்குக் காப்பு என்று விளக்கினார். அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் தானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், அவர்களுடைய மகள் இஸ்ரேலிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. அங்கே நர்ஸ் வேலை. குன்னூரில் பிறந்து கான்வென்ட்டில் படித்து வளர்ந்த அக்காதான் என்றாலும் நான் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தேன். பல வருடம் கழித்து வருகிறார், சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஆன்ட்டி எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். பெற்றவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடத்தான் மகள் வருகிறாளாம்.

"உங்களுக்குன்னு அங்க யாரு இருக்காங்கறா. நம்ம ஆளுங்க ஒருத்தர் இல்ல, நம்ம கோயில் இல்ல, நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா தூக்கறதுக்கு நாலு பேர் இல்லைங்கறா. அவ சொல்றதும் நெசந்தானே" என்றார் ஆன்ட்டி.

அங்கிளுக்குப் போக மனமில்லை. தினமும் பிரார்த்தனையில் பெயர் சொல்லும் புண்ணிய பூமிதான் அது, யார் இல்லையென்றது? ஆனால் அங்கே வெயில் அடிக்குமே என்றார். இதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். மகள் வந்து இறங்கும் சாயங்காலமே அவர்களுடைய குடிசைப் பண்டிகை தொடங்குகிறது. அதை மறைச் சட்டப்படி, ஒரு குறையும் இல்லாமல் நடத்திக் காட்டிவிட்டால், "பாத்தியா, இங்கயே எல்லாத்தையும் நல்லாச் செய்யலாம்" என்று அவளிடம் தைரியமாகப் பேசலாம். பண்டிகை நடந்தால் இங்கே, நடக்காவிட்டால் மகளோடு விமானம் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒப்பந்தம் பண்ணிக்கொண்டார்கள்.  ஆன்ட்டி போய்விட்டால் அவர் கிண்டும் தேங்காய்ப்பால் அல்வாவும் கூடவே போய்விடும் என்பதுதான் என் கவலை.

பண்டிகைக்கு வீட்டுக்கு வெளியே ஒரு குடிசை போட வேண்டும். அங்கிள் பின்கட்டில் மூங்கில் நட்டார், மூன்று பக்கமும் ஆன்ட்டியின் பழைய சேலைகளைக் கட்டினார். மேலே கற்பூர மரக் கிளைகளைப் பரப்பினார். கிளைகளை இழுத்துக் கொடுத்தவள் நான்தான். இரண்டு நாள் கையெல்லாம் தைல வாசனை. வேலை முடிந்து அண்ணாந்து பார்த்தால் இலைக்கு நடுவே வானம் தெரிந்தது. அங்கிள் திருப்தியாகத் தலையாட்டினார்.

மேலே எங்கள் முற்றத்திலிருந்து அப்பாவும் அதையேதான் பார்த்தார். உடனே இறங்கி வந்தார்.

"ஏனுங் சார், இது ஒரு தூத்தல் தாங்காதுங்களே."

"தாங்க வேண்டாம் தம்பி. வானம் தெரியணும், அதான் கணக்கு."

"மேல ஒரு தார்ப்பாய் போட்டுரலாமுங்க."

"வேண்டாங்க."

அந்த வேண்டாமை அப்பா எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. "பென்சன்ல காலந்தள்றவரு, கேக்கறதுக்குக் கூச்சப்படறாரு" என்று அம்மாவிடம் சொன்னார். மறுநாள் அவர்கள் சந்தைக்குப் போயிருந்த நேரம், லாரிக்காரர் ஒருவரிடம் தார்ப்பாய் வாங்கிவந்து இறுக்கிக் கட்டிவிட்டார். அதற்கு அடுத்த நாள் தார்ப்பாய் அழகாக மடிக்கப்பட்டு, மேலே ஒரு தட்டு அல்வாவோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. ரொம்ப நன்றி, ஆனால் வேண்டாங்க என்று அங்கிள் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அல்வாவைத் தின்றுகொண்டே யோசித்தார். இரண்டாவது வேண்டாமும் ஆயிற்று. அப்படியென்றால் டம்ளரைக் கையில் திணிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மகளை அழைத்துவர அங்கிளும் ஆன்ட்டியும் டாக்சி பிடித்துக் கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போன அன்று, அப்பா ஃபாக்டரிக்கு லீவு போட்டார். எங்கள் குளியலறைக் கூரைக்கென்று வாங்கி வைத்திருந்த புதுத் தகரங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"அட கெரகமே, நம்ம பாத்ரூம்ல கொடை புடிச்சுட்டுக் குளிக்கறோம், நீங்க ஊருக்குக் கூரை போடறீங்க" என்றார் அம்மா.

"பொறந்த ஊட்டுக்கு வர்ற புள்ள நனையறதா?" என்றார் அப்பா. 

கிளைகளின் மேல் தகரத்தைப் பரப்பி, ஓரம் ஓரமாகக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கினார். நடுவில் ஒரு பல்பும் தொங்கவிட்டு எரியவிட்டார். ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. நானும் கைதட்டினேன், எனக்கென்ன தெரியும்?

மலைப்பாதையில் மூடுபனி. டாக்சி வந்து சேர்ந்தபோது வெளிச்சம் போகப் போகிற நேரம். ஆன்ட்டி யாரிடமும் பேசாமல் உள்ளே ஓடி எண்ணெய் விளக்கை ஏற்றினார். விளக்கு ஏற்றியதும் பண்டிகை பிறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அங்கிள் மகளைக் குடிசையைக் காட்டக் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். அங்கே அப்பா கையில் கட்டிங் பிளேயரோடு முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். அங்கிள் மேலே பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். 

"வாங்க தம்பி, எல்லாரும் வாங்க. இன்னிக்குச் சாப்பாடு இங்கதான். விருந்தாளி இல்லாம இந்தப் பண்டிகை இல்ல" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் என்னவென்று அடுப்படியில் ஆன்ட்டி அம்மாவின் காதில் சொன்னபோது, தட்டு எடுக்கப்போன நானும் கேட்டேன். கூரை வழியாக வானம் தெரியாவிட்டால் அது குடிசையே இல்லையாம், பண்டிகையும் இல்லையாம். பண்டிகை நாளும் சனிக்கிழமை மாதிரிதான், விளக்கு ஏற்றிய பிறகு அங்கிள் ஒரு கம்பியைக்கூட அவிழ்க்கக் கூடாது. இன்னொருவரை அவிழ்க்கச் சொல்லவும் கூடாது. ஜாடையாகச் சொல்லலாம், எதிராளி தானாகப் புரிந்துகொண்டு செய்தால் சரி.

"ஜாடையாவா? எங்கூட்டுக்காரர்கிட்டயா?" என்று அம்மா நெற்றியில் கைவைத்தார்.

தானே சொல்லிவிடுவதாக அம்மா கிளம்பினார். ஆன்ட்டி கையைப் பிடித்துக்கொண்டார். தான் சொல்லி அம்மா சொன்னால், அதுவும் தான் சொன்ன கணக்குத்தானாம்.

குடிசைக்குள் பாய் விரித்து உட்கார்ந்தோம். புரட்டாசி என்பதால் எங்களுக்காக மீன் இல்லாமல் தேங்காய்ப்பால் சோறும் பருப்பும் காய்கறியும். ஒரு கிண்ணத்தில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாறு. அதைக் கையில் எடுத்து வாழ்த்துச் சொல்லித்தான் சாப்பாடு தொடங்க வேண்டும். அங்கிள் கிண்ணத்தை எடுத்தார், தகரத்தைப் பார்த்தார், கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உள்ள கொஞ்சம் புழுக்கமா இல்லீங்களா தம்பி?" என்றார்.

எல்லோரும் ஸ்வெட்டரும் குல்லாயுமாக உட்கார்ந்திருந்தோம். அப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஆன்ட்டியின் முறத்தை எடுத்து அங்கிளுக்கு விசிறத் தொடங்கினார். அங்கிளின் பல் கிட்டிக்கத் தொடங்கியது.

"இன்னிக்குப் பௌர்ணமி. நெலா எப்படி இருக்குதோ" என்றார் அங்கிள்.

அப்பா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மேகம் மூடியிருக்குங்க சார். நல்லவேளை, தகரம் போட்டோம்."

"இந்தத் தகரம் உங்க பாத்ரூமுக்கு வாங்குனதாச்சே."

"ஆமாமுங்க" என்று அம்மா பாய்ந்து பிடித்துக்கொண்டார். அப்பா அம்மாவை முறைத்தார். "அதுக்கென்னங்க சார், நாங்க சமாளிச்சுக்குவோம். இது நிரந்தரமா உங்களுக்கேதான்."

அம்மா தொடையில் கிள்ளினார். அப்பா தள்ளி உட்கார்ந்து அம்மாவுக்கு இடம் விட்டார். ஆன்ட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தகரத்தின் மேல் சடசடவென்று சாரல் விழுந்தது. அப்பா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கிறது. அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் முடிந்துவிட்டது, இவர்கள் போகத்தான் போகிறார்கள் என்று எனக்கு அழுகை முட்டியது.

 விமானத்தில் வந்த அலுப்பு அக்காவின் கண்ணில் தெரிந்தது. ஜெயித்துவிட்டவர் மாதிரி இருந்திருக்கலாம், இல்லை. தன் அப்பாவின் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தத் தகரத்தக் கழட்டிருங்க" என்றார். அச்சு அசல் குன்னூர் மார்க்கெட் தமிழ்.

"கேக்கக் கூடாதும்மா" என்று அங்கிள் பதறினார்.

"கேக்கறது தப்புன்னா அந்தத் தப்பு என் தலைல இருக்கட்டும். நாந்தான் எந்தச் சட்டத்தையும் பாக்கறதில்லையே."

"மழை வருதுங்க அம்மிணி" என்றார் அப்பா, ஒன்றும் புரியாமல்.

"வரட்டுமுங்க. எங்க ஆளுங்க அடிமையா இருந்த நாட்ட விட்டுத் தப்பிச்சு வந்து, நாப்பது வருசம் பாலைவனத்துல இப்படிக் குடிசைலதான் கெடந்தாங்க. அத மறக்கக் கூடாதுன்னுதான் வருசத்துல ஒரு வாரம், நல்ல ஊட்ட விட்டுட்டு ஒழுகற கூரைக்குக் கீழ வந்து உக்கார்றோம். ஒழுகாத கூரை வேணும்னா நாங்க ஊட்டுக்குள்ளயே உக்காந்துக்க மாட்டோமா?"

அப்பா அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார். ஒழுகுவதற்கென்றே ஒரு கூரை. அவர் இத்தனை வருடம் நம்பிய எல்லாவற்றுக்கும் நேர் எதிர். அங்கிள் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் சார், நெசமாவே வேண்டாமா?"

"நெசமாவே வேண்டாம் தம்பி."

எனக்குத் தெரிந்து, அப்பா ஒரு வேண்டாமை நம்பியது அதுதான் முதல் தடவை. எழுந்து ஏணியைச் சாத்தினார். சாரலில் நனைந்துகொண்டே ஒவ்வொரு முறுக்காக அவிழ்த்தார். அவர் இறுக்கிய முறுக்கு அத்தனை சீக்கிரம் அவிழவில்லை, தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அம்மாவும் அக்காவும் தகரத்தை வாங்கிக் கீழே வைக்கப் போக, அம்மா அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். கடைசித் தகரமும் இறங்கியதும் கற்பூர இலை வழியாகச் சொட்டுச் சொட்டாக எங்கள் தலையில் விழுந்தது. அங்கிள் எழுந்து நின்று கிண்ணத்தைக் கையில் எடுத்தார். வாழ்த்தைப் பாடினார். அவர் முகத்தில் வழிந்தது முழுக்க மழை இல்லை.

பருப்பில் மழை விழுந்தது. சாப்பாட்டைக் கெடுக்கிற அளவு மழை வந்தால் எழுந்து வீட்டுக்குள் போய்விடலாம், அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு என்று அங்கிள் சொன்னார். யாரும் எழவில்லை. அப்பாவுக்கு மட்டும் கை சும்மா இருக்க முடியவில்லை. சொட்டு விழும் இடம் பார்த்து ஒரு சட்டியை வைத்தார். சொட்டு இடம் மாறியது, சட்டியும் மாறியது. அக்கா அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மெதுவாகக் குடையை விரித்தார். அப்பா கண்டிப்பாக அதை மடக்கச் சொன்னார்.

"வானம் தெரியணும், அதான் கணக்கு" என்றார்.

அந்த வாரம் முழுக்க ஃபாக்டரி விட்டு வந்ததும் அப்பா குடிசையைப் பரிசோதிக்கப் போய்விடுவார். "இந்த மூலைல எல இறுக்கமாயிருச்சுங்க சார், சொட்டே உழ மாட்டேங்குது" என்று கழியால் விலக்கி ஓட்டை போட்டுவிட்டு வருவார். எங்கள் குளியலறைக்குத் தகரம் ஏறியது அதற்கெல்லாம் பிறகுதான்.

அக்கா தனியாகத்தான் திரும்பிப் போனார். ஒரு டிக்கெட்தான் போட்டிருக்கிறாள் என்று ஆன்ட்டி ஓடிவந்து சொன்னார். கிளம்புகிற அன்று காலையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியை முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

"அண்ணா, எங்கப்பா எதையாச்சும் வேண்டாம்னு சொன்னாருன்னா" என்று ஆரம்பித்தார்.

"நம்பிர்றேனுங்க அம்மிணி. இனிமே நம்பிர்றேன்" என்றார் அப்பா அவசரமாக.

"இல்லீங்கண்ணா. நம்பாதீங்க."

எனக்குத் தலை சுற்றியது. தகரத்தை வேண்டாம் என்றபோது நம்பச் சொன்னதும் இதே அக்காதான். படித்தவர்கள் ஒரு பேச்சில் நிற்க வேண்டாமா? ஆனால் அப்பா மறு கேள்வி கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலை அவர் மறக்கவுமில்லை. பின்னாளில் நெஞ்சுவலியை வாயு என்று சொல்லிக்கொண்டு அங்கிள் ஆஸ்பத்திரி வேண்டாம், வேண்டாம் என்று கத்தக் கத்த, ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் அவர்தான். பிழைத்து வந்த அங்கிள் இன்னும் சில பண்டிகைக்கு ஒழுகும் கூரை போட்டார்.

அன்று காலை டாக்சி ஹாரன் அடித்தது. அக்கா வாசலைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றார். எங்கள் வீட்டு நிலையில், வலது பக்கம், சும்மா இருந்த மரத்தை விரலால் தொட்டார். அந்த விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டார்.

நான் விவரமான பிள்ளை. அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்கூட்டுல பெல்லு இல்லீங்கக்கா" என்றேன்.